இரண்டு வரிகளில் வந்த வெண்கலப் பானை

2023 ஜூன் 12, திங்கட்கிழமை, வைகாசி 29. காலை பத்து மணி நாற்பது நிமிடம். மேகம் இல்லை. காற்று இருந்தது, ஆனால் அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. காரைக்குடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், கம்ப்யூட்டர் சென்டரின் மூன்றாவது மேசையில் உட்கார்ந்து, இரண்டு அட்டவணைகளை ஒன்றாக இணைக்கச் சொல்லி முதன்முதலாகப் பொத்தானை அழுத்தினேன். வரிகள் ஓட ஆரம்பித்தன. ஓடிக்கொண்டே இருந்தன. நின்றபோது திரையின் அடியில் 17,716 என்று இருந்தது.

என்னிடம் இருந்தது 412 பாத்திரங்கள் கொண்ட ஒரு அட்டவணை, 43 ஆட்கள் கொண்ட இன்னொரு அட்டவணை. பாத்திரம் ஒவ்வொன்றும் யாருடையது என்பதுதான் நான் கேட்டது.

சென்டரில் பாடம் நடத்திய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். சிவகங்கைப் பக்கம் விவசாயக் குடும்பம். அவள் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"ஐயா, நாப்பத்திமூணு பேருக்கும் ஆளுக்கு நானூத்திப் பன்னெண்டு பாத்திரம் குடுத்துட்டீகளே. தாராள மனசுதான் உங்களுக்கு."

பக்கத்து மேசைகளில் இருந்த கல்லூரிப் பெண்கள் ஐந்து பேரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்பையும் மற்றொரு கணத்தின் ஒவ்வோர் உறுப்போடும் சேர்த்தால் எத்தனை சோடி வரும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன். நானூற்றுப் பன்னிரண்டை நாற்பத்துமூன்றால் பெருக்கினால் பதினேழாயிரத்து எழுநூற்றுப் பதினாறு என்று அவள் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்ன?

"ஆன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதைப் போடலை நீங்க. எது எதோட சேரணும்னு சொல்லணும்ல? சொல்லலைன்னா எல்லாத்தையும் எல்லாத்தோடயும் சேத்துரும். அதுக்கு என்ன தெரியும், பாவம்."

இந்த வயதில் நான் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் ஊர் வீடு. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி வழியில் இறங்க வேண்டும். மூன்று கட்டு, முப்பத்துநான்கு பங்கு. பங்குதாரர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். வீட்டைப் பதினைந்து வருடத்துக்கு ஹோட்டல்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுவது என்று முடிவாயிற்று. ஆவணிக்குள் இரண்டாம் கட்டு அறைகளில் இருக்கும் பாத்திரங்களை எல்லாம் அவரவர் எடுத்துக்கொண்டு அறைகளைக் காலி செய்து தரவேண்டும்.

அந்த வீட்டில் அப்போது குடியிருந்தது ஒரே ஒருத்தி, என் அக்காள். எங்களில் அக்காளை ஆச்சி என்போம். எழுபத்தெட்டு வயது. அத்தான் காலமாகி, அவள் புகுந்த வீடும் பாகம் பிரிந்து விற்றுப் போன பிறகு, தன் கல்யாணச் சாமான்களோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்தச் சாமான்களும் இரண்டாம் கட்டில்தான் மற்றவற்றோடு கலந்து கிடந்தன. வீட்டைக் காலி செய்ததும் அவள் சென்னையில் மகளோடு போய் இருப்பதாக ஏற்பாடு. மகள் வீடு சின்ன வீடு.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கொண்டு போகப் போறேன் தம்பி. அந்த வெங்கலப் பானை. மத்ததை எல்லாம் யாரும் எடுத்துக்கங்க" என்றாள்.

பாத்திரங்களைக் கணக்கெடுக்கும் வேலையைப் பங்காளிகள் என் தலையில் கட்டினார்கள். வாத்தியார் எப்படியும் எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருப்பார், இதை எண்ணட்டும் என்று ஒருவர் வாட்ஸப் குழுவில் போட்டார். நான் மூன்று விதிகளை எழுதினேன். எந்தப் பாத்திரத்தில் யாருடைய விலாசம் வெட்டியிருக்கிறதோ அது அவருடைய வாரிசுக்கு. விலாசம் இல்லாதது பொது. இரண்டு பேர் உரிமை சொன்னாலும் பொது. பொதுவானவற்றைப் பங்காளிகளுக்குள் ஏலம் விட்டு, பணத்தை முப்பத்துநான்காகப் பிரிப்பது. வாத்தியார் தன் அக்காளுக்குச் சாதகமாக எழுதினார் என்று ஒருவன் வாயிலும் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அந்தக் கவலையில்தான் விதிகளை அவ்வளவு இறுக்கமாக எழுதினேன். எல்லோரும் கட்டைவிரல் படம் போட்டார்கள்.

விலாசம் என்றால் எங்களில் முகவரி இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து, தன் பெயரின் முதலெழுத்து, இரண்டும் சேர்ந்தது. வியாபாரத்திலும் அதுதான் அடையாளம், பாத்திரத்தின் கழுத்திலும் அதுதான். எங்கள் வீட்டில் மகளுக்குக் கொடுக்கும் சாமானிலும் தகப்பன் விலாசத்தைத்தான் வெட்டுவார்கள். செத்தவர்களும் இருப்பவர்களுமாக அப்படி விலாசம் உள்ளவர்கள் நாற்பத்துமூன்று பேர்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே நீளத் தாளாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பாத்திரத்துக்கு எதிரே விலாசம், ஆள் பெயர், வாரிசு, ஊர், போன் நம்பர். ஈரோட்டில் இருக்கும் ஒரு பங்காளித் தம்பி போன் நம்பரை மாற்றினான். அதை இருபத்தாறு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. இருபத்துமூன்றில் திருத்தி மூன்றை விட்டுவிட்டேன். அந்த மூன்று எது என்று தேடிக்கொண்டு சென்டருக்குப் போனபோதுதான் அந்தப் பெண் சொன்னாள்:

"ஆளு ஒரு டேபிள், பாத்திரம் ஒரு டேபிள். போன் நம்பர் ஒரே எடத்துல இருக்கட்டும். வேணுங்கிறப்ப ரெண்டையும் ஜாயின் பண்ணிக்கலாம். சேந்து படிக்கிறீகளா ஐயா? பத்து மணி பேட்ச்சுல எடம் இருக்கு."

என் மனைவி அப்போது மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருந்தாள். காலையில் வகுப்பு, முடிந்ததும் பன்னிரண்டு மணி பஸ், மத்தியானச் சாப்பாடு ஆச்சி கையால். சாதத்தைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து அவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை வந்துச்சு?" என்பதுதான்.

பதினேழாயிரம் என்று சொன்ன அன்றைக்குச் சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

மறுநாள் ஆன் போட்டேன். இந்த அட்டவணையில் இருக்கும் விலாசமும் அந்த அட்டவணையில் இருக்கும் விலாசமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் மட்டும் சேர். அதைத் தவிர வேறு எதை வைத்துச் சேர்ப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் முன்னோர் பர்மாவிலிருந்து பணம் அனுப்பியதும், கொழும்பில் கடை நடத்தியதும் அந்த எழுத்துகளை நம்பித்தானே. திரையில் 440 என்று வந்தது.

"நானூத்தி நாப்பது" என்றேன் ஆச்சியிடம்.

"இருக்கிறதே நானூத்திப் பன்னெண்டுன்னு சொன்ன. பாத்திரம் குட்டி போட்டுருச்சா?"

"இருபத்தெட்டு கூடுது. ஏன்னு தெரியல."

"மறுபடி எண்ணு. நீ சின்னப் பிள்ளையிலேயே தட்டுல விழுந்த பணியாரத்தை எண்ணிட்டுத்தான் திம்ப."

மறுபடி எண்ணினேன். அறைக்குள் போய், வியர்வை கண்ணில் வழிய, ஒவ்வொரு பாத்திரத்தையும் தொட்டு எண்ணினேன். 412தான். ஆச்சி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இது எந்த விசேஷத்துக்குச் சோறு வடித்தது, இதில் யார் கையைச் சுட்டுக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எண்ணுகிறவனிடம் பேசாதே என்று இரண்டு தடவை கத்தினேன். பேசினாள். நான் மூன்று தடவை முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

சென்டரில் அந்தப் பெண் இன்னொரு வழி காட்டினாள். நான் போட்டது இரண்டு பக்கமும் பொருந்துவதை மட்டும் காட்டுமாம். பொருந்தாத பாத்திரத்தைச் சத்தம் காட்டாமல் விட்டுவிடுமாம். லெஃப்ட் ஜாயின் என்று போட்டால், முதல் அட்டவணையில் இருக்கும் எதையும் விடாது; ஆள் கிடைக்காத இடத்தை வெறுமையாகக் காட்டும். போட்டேன். 459 வந்தது. அதில் 19 வரிகளில் ஆள் இல்லை. அவை விலாசம் தேய்ந்து போனவை, அல்லது வெட்டாமலே விட்டவை. அவற்றைத்தான் முந்தின நாள் அது விழுங்கியிருக்கிறது. அப்படியானால் கூடுதலாக வந்தது இருபத்தெட்டு இல்லை, நாற்பத்தேழு. பத்தொன்பது காணாமல் போய், நாற்பத்தேழு கூடி, வெளியே இருபத்தெட்டாகத் தெரிந்திருக்கிறது. இப்படிப்பட்ட கணக்கை நான் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் கொடுத்திருந்தால் பெற்றோர் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

"ஆளு டேபிள்ல ஒரே விலாசம் ரெண்டு பேருக்கு இருக்கு ஐயா. அதான் ஒரு பாத்திரம் ரெண்டு வரியா வருது" என்றாள் அவள்.

"இருக்காதும்மா. விலாசம் ஆளுக்கு ஒண்ணுதான்."

"தேடிப் பாருங்களேன்."

தேடிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போகும்போதே விளங்கிவிட்டது. எங்களில் மூத்த மகனுக்கு அய்யா பெயரை, அதாவது தகப்பனைப் பெற்றவர் பெயரை வைப்பது வழக்கம். எனக்கு என் அய்யா பெயர். என் அப்பச்சிக்கு, அதாவது தகப்பனாருக்கு, அவருடைய அய்யாவின் பெயர். இரண்டே பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வருகின்றன. அதனால் எனக்கும் அய்யாவுக்கும் ஒரே விலாசம். அப்பச்சிக்கும் பாட்டையாவுக்கும், அதாவது அய்யாவைப் பெற்றவருக்கும், ஒரே விலாசம். எழுபத்தொரு வருடமாக என் கையெழுத்தில் இருந்த விஷயம். ஒரு காலத்தில் ஒருவர்தானே வியாபாரம் பார்ப்பார், யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. கம்ப்யூட்டருக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தார்கள்.

"விலாசத்தை வச்சுச் சேக்காதீக. ஆளுக்கு ஒரு நம்பர், பாத்திரத்துக்கு ஒரு நம்பர் குடுங்க. நடுவுல மூணாவதா ஒரு டேபிள் போடுங்க. எந்தப் பாத்திரம் எந்த ஆளோடதுன்னு அதுல மட்டும் இருக்கட்டும்" என்றாள் அவள். பிறகு என் ஆட்கள் அட்டவணையை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "ஏன் ஐயா, நாப்பத்திமூணு பேருல ஒரு பொம்பளையக் காணோம்? உங்க வீட்டுல சோறு ஆக்குனது யாரு?" என்று கேட்டாள்.

விலாசம் ஆண்களுக்குத்தானே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. ஆச்சியை நாற்பத்துநான்காவது வரியாகச் சேர்த்தேன். எண்ணிக்கை மாறியதில் அன்று முழுக்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரட்டையாக வந்த நாற்பத்தேழில் பதினாறு எளிது. அய்யாவின் விலாசம், என்னுடையதும் அதே. எனக்கென்று நான் ஒரு கரண்டியில்கூட விலாசம் வெட்டியதில்லை, ஆகவே எல்லாம் அய்யாவுடையவை. மீதி முப்பத்தொன்று அப்பச்சிக்கும் பாட்டையாவுக்கும் நடுவில் நின்றன. அப்பச்சி விலாசம் வெட்டிப் பாத்திரம் வாங்கியது ஆச்சி கல்யாணத்துக்கு மட்டும்தான்; அதனால் அப்பச்சியுடையது என்றால் அவளுக்குச் சேரும். பாட்டையாவுடையது என்றால் முப்பத்துநான்கு பங்குக்கும் பொது. அதில் இருபத்திரண்டு எவர்சில்வர். பாட்டையா காலத்தில் எவர்சில்வர் ஏது? ஆச்சி பெயரில் போட்டேன். எட்டு, ஊர்ச்சோறு ஆக்கும் பெரிய அண்டாக்கள். மகள் கல்யாணத்துக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். பாட்டையா பெயரில் போட்டேன்.

முப்பத்தொன்றாவது, 217ஆம் எண். வெண்கலப் பானை.

அதை மட்டும் எந்தப் பக்கமும் தள்ள முடியவில்லை. பர்மாவிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், 1963இல் ஆச்சி கல்யாணத்துக்குக் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். எடை பார்த்தேன், ஆறு கிலோ நூறு கிராம். எடை ஒன்றும் சொல்லவில்லை. இணைத்துப் பார்க்கும்போதெல்லாம் 217 இரண்டு வரிகளில் வந்தது. இரண்டு வாரம் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று தவறு, ஒன்று சரி, எது என்பதுதான் கேள்வி என்று நினைத்தேன். ஆச்சியிடம் நான் ஏன் கேட்கவில்லை என்றால், அவள் என்ன சொல்வாள் என்று தெரியும். அவள் சொன்னதை வைத்து எழுதினேன் என்று மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும்.

ஆவணி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், எல்லோரும் கூடினோம். பங்காளிகள் இருபத்தேழு பேர் வந்திருந்தார்கள். நான் பட்டியலைப் படித்தேன். முதல் சிக்கல் நூறாவது பாத்திரத்துக்குள்ளேயே வந்தது. இன்னொரு பங்காளித் தம்பியின் மனைவி, ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டியைத் தன் அம்மா கொடுத்தது என்றாள். விலாசம் இல்லை. விதிப்படி பொது என்றேன். அவள் தன் பெட்டியைத் தானே ஏலத்தில் இரண்டாயிரத்து நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்தாள்.

217 வந்தது. பாட்டையா வரியிலும் வருது, அப்பச்சி வரியிலும் வருது என்றேன்.

ஈரோட்டுத் தம்பி எழுந்தான். பாட்டையாவின் இரண்டாவது மகன் வழியில் வந்தவன். ஜவுளி வியாபாரம்.

"அண்ணே, அது பாட்டையா பானைண்ணே. பர்மாவுல இருந்து கப்பல்ல வந்ததுன்னு எங்க ஆத்தா சொல்லும். அந்த வீட்டுலேருந்து ஏதாவது எடுக்கணும்னா அதை எடுறான்னு சொல்லிட்டுத்தான் செத்துச்சு."

"யாரு வீட்டுப் பானைடா?" என்றாள் ஆச்சி. "என் தலைப்பொங்கலை அதுலதான் வச்சேன். நீ அப்பப் பொறக்கவே இல்லை."

"நான் பொறக்கலை ஆச்சி. பானை பொறந்திருச்சுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சியும் சிரித்துவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. "ஆச்சி, அப்பச்சி அதைக் கடையில வாங்குனாகளா? நீ பாத்தியா?" என்று கேட்டேன். நிஜமாகவே நல்லது செய்வதாக நினைத்துத்தான் கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எதுக்கு வாங்கணும்? வீட்டுல இருந்ததுதானே. கல்யாணத்தன்னைக்கிச் சாமான் பரப்புறப்போ வெங்கலப் பானை ஒண்ணு கொறையுதுன்னாக. அப்பச்சி உள்ள போயி இதைத் தூக்கிட்டு வந்தாக. 'விலாசம் நம்மளுதுதான் இருக்கு, வெட்டுக்கூலி மிச்சம்'னு சிரிச்சாக. நான் கதவுக்கிட்டத்தான் நின்னேன்."

தான் சொன்னது என்ன என்று ஆச்சிக்கும் அப்போதுதான் உறைத்தது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பானை பாட்டையாவுடையது. அதையே அப்பச்சி ஆச்சிக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு வரியும் சரி. இரண்டு வாரமாக நான் அழிக்கப் பார்த்தது ஒரு பிழையை அல்ல.

"ஒரு பானைதானேண்ணே, ஆச்சிக்கே விட்டுருவோம்" என்றார் யாரோ. ஈரோட்டுத் தம்பியும் சரி என்கிற மாதிரித் தலையை ஆட்டினான். ஓரமாக உட்கார்ந்திருந்த தம்பி மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைப் பெட்டி அவள் மடியில் இருந்தது.

"விதிப்படி பொது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"போடுறா ஏலத்துல" என்றாள் ஆச்சி. "வாத்தியாரு சட்டம் வாத்தியாரு அக்காளுக்கு மட்டும் இல்லாமப் போயிருமா?"

மூவாயிரத்தில் ஆரம்பித்தது. ஆறாயிரத்தில் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். பிறகு நானும் ஈரோட்டுத் தம்பியும்தான். அவனும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, அவன் ஆத்தா சொல்லிவிட்டுப் போனது அவனுக்கு. பத்தாயிரம் தாண்டியது. "நிறுத்துடா, இந்தக் காசுக்குப் புதுப்பானை ரெண்டு வாங்கலாம்" என்று ஆச்சி கத்தினாள். எண்ணுகிறவனிடம் பேசாதே என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். பதினாறாயிரத்து ஐந்நூறு என்றான் அவன். பதினேழு என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தான். "போதும். அண்ணன் ஆச்சிக்காகக் கேக்குறப்ப அதுக்கு மேல எனக்குக் கேக்க வாய் வரலை. ஆச்சி, பொங்கலுக்குச் சென்னைக்கு வாரேன். அந்தப் பானையில வச்சு எனக்கும் ஒரு வாய் போடணும்."

"வாடா. வெறுங்கையோட வராம வெல்லத்தோட வா."

புரட்டாசியில் ஆச்சி சென்னைக்குப் போனாள். காரில் பின்சீட்டில் பானையைப் பக்கத்தில் வைத்து, அது உருளாமல் இருக்க முந்தானையைக் கழுத்தில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மகள் வீட்டில் இருப்பது இண்டக்ஷன் அடுப்பு. பானை அதில் சூடாகாது என்று போய்ச் சேர்ந்த அன்று போனில் சொன்னாள். பால்கனியில் சின்னதாக ஒரு விறகடுப்பு போட இடம் பார்க்கிறாளாம், மூன்றாவது மாடியாம்.

எனக்கு வகுப்பு ஆடியிலேயே முடிந்துவிட்டது. இப்போது மூன்று அட்டவணையை இணைக்கத் தெரியும். இணைக்க ஒன்றும் இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி ஆனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கால் போகிறது. மனைவி பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள், நன்றாகத்தான் சமைக்கிறாள், சாதத்தைப் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விடுகிறாள். இன்றைக்கு எத்தனை வந்தது என்று கேட்க ஆள் இல்லை. அந்த வெயிலையும், கண்ணில் இறங்கிய வியர்வையையும், முக்காலியில் உட்கார்ந்து என் எண்ணிக்கையைக் கெடுத்த குரலையும் நினைத்தால், நாலாவது தடவையும் முதலிலிருந்து எண்ணியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

தீபாவளிக்கு முன் ஏலப் பணத்தை முப்பத்துநான்காகப் பிரித்தோம். பானைக்கு நான் கொடுத்த பதினேழாயிரத்தில் என் பங்கு ஐந்நூறு எனக்கே திரும்பி வந்தது. ஆகப் பானை எனக்கு ஆன செலவு பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.